ஜப்பானிலிருந்து வந்த மூன்று மடல்கள்

அண்ணன் ஜப்பானில் இறந்தபின், அவனை மணந்த அந்நாட்டுப் பெண் எங்களோடு உறவை முடித்துக்கொண்டாள் என்றே வீட்டில் நம்பினோம். அவளிடமிருந்து மூன்று மின்னஞ்சல்கள் வந்திருந்தன. மூன்றிலும் கட்டங்களும் கேள்விக்குறிகளுமே இருந்தன. "ஏதோ ஒப்புக்கு அனுப்புறா" என்றார் அம்மா.

பட்டாபிராம் ஸ்டேஷன் அருகே பிரௌசிங் சென்டர் நடத்தியவரிடம், வேறெதுவும் சொல்லாமல் அவற்றைக் காட்டினேன். ஒல்லியான மனிதர், கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு, மூக்கு திரையில் படுமளவு குனிந்து பார்ப்பார். மெனுவில் எழுத்துமுறையை ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே வந்தார். ஐந்தாவது முறை, திரை நிறைய ஜப்பானிய எழுத்துகள்.

"இதான்க்கா."

"உங்களுக்கு ஜப்பான் மொழி தெரியுமா?"

"எனக்கு இங்கிலீசே தகராறு. ஒரு கட்டமாவது மிச்சம் இருக்குதா பாரு. எல்லாம் அதது எடத்துல உக்காந்துகினு கீது."

மொழிபெயர்க்கும் பக்கத்தைத் திறந்து வைத்துவிட்டு எழுந்தார். "நீ படிச்சிக்கோக்கா. ஊட்டு மேட்டரு" என்று வாசலுக்குப் போய், தெருவைப் பார்த்து நின்றுகொண்டார்.

அரைகுறை ஆங்கிலத்தில் மூன்று மடல்களும் ஒன்றையே கேட்டன: அண்ணனின் அஸ்தியில் பாதியை அம்மாவிடம் கொண்டுவரலாமா?

நான் வெகுநேரம் எழவில்லை, அவரும் திரும்பவில்லை. படிக்கத் தெரியாத மடலில் வீட்டு விஷயம் இருப்பதை அவர் எப்படி அறிந்தார் என்பது இன்றும் எனக்கு விளங்கவில்லை.

அந்தக் கோடையில் அண்ணி வந்தார். அம்மாவும் போய்விட்ட இந்த வீட்டில் இப்போது நானும் அவரும் இருக்கிறோம்.