கார் பார்க்க வந்தவர்கள்

போன செவ்வாய்க்கிழமை காலை அருளம்பலம் சேரின் இலக்கத்திலிருந்து எனக்கு அழைப்பு வந்தது. மருந்துக்கடையில் நல்ல சனம். ஒரு கையில் மருந்துத் துண்டு, மறு கையில் கத்தரிக்கோல், ஆகவே எடுக்கவில்லை. உண்மையைச் சொன்னால், கை சும்மா இருந்திருந்தாலும் எடுத்திருக்க மாட்டேன். மூன்றாவது தடவை அடித்தபோதுதான் எரிச்சலோடு எடுத்து, “சொல்லுங்க சேர்” என்றேன்.

மறுபக்கம் ஒரு பெண் குரல். “நான் அவரின்ரை மகள் சுபா கதைக்கிறன். அப்பா சனிக்கிழமை மோசம் போயிட்டார். நாளைக்குப் பின்னேரம் பிரேதம் எடுக்கிறம். நீங்கள் ஆரெண்டு எனக்கு வடிவாத் தெரியேல்லை, குறை நினைக்காதேங்கோ. அப்பாவின்ரை போனிலை உங்களை ‘கார் பார்க்க வந்த மருந்துக்கடைப் பிள்ளை, கலஹா’ எண்டு போட்டிருக்கிறார்.”

அந்தப் போனில் ‘கார் பார்க்க வந்த’ என்று தொடங்கும் பெயர்கள் நீளத்துக்கு இருந்தனவாம். கார் பார்க்க வந்த ஃபாஸில், அலவத்துகொட. கார் பார்க்க வந்த வங்கித் தம்பி. கார் பார்க்க வந்த பெரியவர், தெல்தோட்டை. மெல்போர்னிலிருந்து முதல்நாள்தான் வந்து இறங்கிய மகளுக்கு, இதில் யார் சொந்தம், யார் சினேகிதம் என்று பிரிக்கத் தெரியவில்லை. வரிசையாக எல்லோருக்கும் செய்தி சொல்லிக்கொண்டிருந்தாள்.

அதனால் இதை உங்களுக்காகவே எழுதுகிறேன். அவருடைய சேவைக்காலத்தைப் பற்றி அவரோடு வேலை செய்தவர்கள் எழுதட்டும். முப்பது வருடம் மலைநாட்டை அளந்த நில அளவையாளர் அவர். சொல்ல அவர்களிடம் நிறைய இருக்கும். நான் எழுதுவது, ஹிந்தகலையில் ஒரு சிவப்புக் காரைப் பார்க்கப்போய், தேத்தண்ணீர் குடித்துவிட்டு வெறுங்கையோடு திரும்பியவர்களுக்கு.

கார் உங்களுக்குத் தெரியும். நான்கு கதவு, தரையோடு தாழ்ந்த உடம்பு, பின்னால் சின்னச் சிறகு, இரட்டைப் புகைக்குழாய், கையால் போடும் கியர். வாகன இறக்குமதி நின்றிருந்த காலம் அது. முன்பு புதுக் கார் வாங்கக்கூடிய காசைக் கொடுத்து, துருப்பிடித்த பழசை வாங்கிக்கொண்டிருந்தார்கள். அந்த நேரத்தில் இப்படியொரு கார் இணைய விளம்பரத்தில் நின்றது. விலை போடவில்லை. ‘விலை நேரில்’ என்று மட்டும் இருந்தது.

எனக்கு அப்போது நாற்பத்தொரு வயது. பதினெட்டு வருடம் மருந்துக்கடைக்குள் நின்றே சம்பாதித்ததில் பாதிப் பணம் தேறும். மீதிக்கு லீசிங் போடலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன். என் அண்ணன் சிரித்தான். “ஆசை இருக்கு தாசில் பண்ண, அதிர்ஷ்டம் இருக்கு கழுதை மேய்க்க. தனியா இருக்கிற பொம்பளைக்கு எதுக்கு அந்தப் பறக்கிற காரு? விரலுக்குத் தகுந்த வீக்கம் வேணும். சின்னதா ஒண்ண வாங்கு” என்றான். எனக்கு வீக்கம்தான் வேண்டியிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பேராதனையில் பஸ் ஏறி ஹிந்தகலையில் இறங்கினேன்.

கடைசி விலை என்ன என்று போனிலேயே கேட்டிருந்தேன். “வந்து பாருங்கோ பிள்ளை, தேத்தண்ணி குடிச்சுக் கதைப்பம்” என்றார். போனால் உண்மையிலேயே தட்டில் தேத்தண்ணீரும் பிஸ்கட்டும் தயாராக இருந்தன. இரண்டு கதிரைகள் காரைப் பார்த்தபடி போடப்பட்டிருந்தன. சிறகைக் காட்டி, இருக்கையைக் காட்டி, எஞ்சினைத் திறந்து காட்டினார். அவசரமே படவில்லை. எனக்கோ கடைக்குச் சாமான் எடுக்கப் போகவேண்டியிருந்தது.

“கார் பாக்க வாற ஆக்களிலை நான் ஒண்டு கண்டனான்” என்றார். “இருபதிலை வாறவை சத்தத்தைக் கேப்பினம். நாப்பதிலை வாறவை எண்ணெய்ச் செலவைக் கேப்பினம். அறுபதிலை வாறவை ஒண்டும் கேக்காயினம், கதவைத் திறந்து ஏறி இறங்கிப் பாப்பினம். முழங்கால் சம்மதிச்சால்தான் விலை.”

நாற்பதைத் தாண்டியும் எண்ணெய்ச் செலவைப் பற்றி நான் கேட்கவில்லை. கொஞ்சம் கர்வத்தோடுதான் வேறொன்றைக் கேட்டேன். “நீங்க ஏன் சேர் இத விக்கிறீங்க?”

மனிதர் எழுந்து, “தேத்தண்ணி ஆறிப்போச்சு, சூடாப் போட்டுக்கொண்டு வாறன்” என்று உள்ளே போய்விட்டார். கோப்பையிலிருந்து ஆவி வந்துகொண்டுதான் இருந்தது. அதைக் கண்டும் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

அடுத்த ஞாயிறு ஓட்டிப் பார்க்கப் போனேன். கார் வெளியே வருவதென்றால் அங்கே ஒரு சடங்கே நடக்கும், உங்களுக்கு நினைவிருக்கும். வாசலில் குறுக்கே மழைநீர்க் கான் ஓடுகிறது. காரோ தரையை நக்குகிற உயரம். வீட்டுக்குப் பின்னால் தண்ணீர்த் தாங்கியோடு சாய்த்து வைத்திருக்கும் இரண்டு பலகைகளைத் தூக்கிவந்து, கானின் மேல் போட்டு, சில்லுக்கு நேராகப் பார்த்து வைக்கவேண்டும். ஒரு ஆளால் முடியாது. நானும் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு ஒரு முனையைப் பிடித்தேன். கையில் பலகைச் சிம்பு ஏறியது.

கலஹா வீதியில் என்னையே ஓட்டச் சொன்னார். என் சொந்த ஊர்ப் பாதை, சின்ன வயதில் நான் பஸ்ஸில் நசுங்கிப்போன பாதை அது. ஒவ்வொரு வளைவு வருமுன்னும் “இது இறுகின வளைவு, இரண்டாம் கியர்”, “இது விரியும், விடுங்கோ” என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டே வந்தார். அந்த வளைவுகளையெல்லாம் ஒரு காலத்தில் சங்கிலி பிடித்து அளந்தவராம். “முப்பது வருசம் ஜீப்பிலை குலுங்கிக் குலுங்கிப் போனனான். அளந்த நிலத்தோடை ஒருக்கா ஒட்டி ஓடிப் பாக்கவேணும் எண்டு ஆசை. பென்சன் எடுத்த கையோடை ஊரிலை இருந்த பனங்காணியை வித்து இதை வாங்கினன். சொந்தக்காரர் எல்லாம் பேச்சு. மனிசி மட்டும் பேசேல்லை. முன்சீற்றிலை ஏறி இருந்திட்டா.” அந்த முன்சீற்று நான்கு வருடமாக வெறுமையாக இருப்பதை அவர் சொல்லவில்லை. சுவரில் மாலை போட்ட படத்தையும் அதிலிருந்த திகதியையும் நான்தான் வரும்போது கவனித்திருந்தேன்.

தேயிலைக்குள் ஏறி கலஹாவில் காரை நிறுத்தியபோது எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. வாழ்க்கையில் அப்படிச் சிரித்து வெகுகாலம். விலை என்னவென்றாலும் வாங்குவது என்று அங்கேயே முடிவெடுத்தேன். திரும்பி வந்து கேட்டதும் அவர் தாடையைத் தடவினார். “மகளிட்டை ஒருக்காக் கேட்டிட்டுச் சொல்லுறன்.”

பத்து நாளில் போன் வந்தது. மகள் வேண்டாம் என்றுவிட்டாளாம். சரி, குடும்பத்து விடயம் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். மாதம் ஒன்று ஆகவில்லை, அதே கார், அதே படம், ‘விலை நேரில்’ என்று மறுபடி விளம்பரத்தில் நின்றது.

அந்த வாரம்தான் ஃபாஸில் தன் உம்மாவுக்கு மருந்து எடுக்கக் கடைக்கு வந்தான். இருபத்துநாலு வயது, அக்குறணையில் போன் திருத்தும் கடை. போனில் அந்த விளம்பரத்தைத் திறந்துவைத்து உம்மாவிடம் புலம்பிக்கொண்டிருந்தான். மோட்டார் சைக்கிளை விற்றுவிட்டானாம். கலியாணத்துக்குச் சம்மதித்தால் வாப்பா மீதிக் காசு தருவதாகச் சொல்ல, அதற்கும் தலையாட்டிவிட்டானாம். நானும் என் கதையைச் சொன்னேன். “எனக்கும் மகள்கிட்டக் கேட்டுச் செல்றேன்டுதான் செல்லின, மிஸ். மூணு தரம் போயிட்டேன். மூணு தரமும் பலகை தூக்கினேன். அந்த மனிசன் விக்கமாட்டாரு.”

எனக்குத் தலைக்கேறியது. என்னைப் பெண்ணென்று பார்த்துத் தட்டிக்கழித்தாரோ என்று உள்ளுக்குள் குடைந்துகொண்டிருந்த எனக்கு, எல்லோரையுமே இப்படித்தான் அலைக்கழிக்கிறார் என்று தெரிந்ததும் ஆறுதல் வந்திருக்கவேண்டும். கோபம்தான் வந்தது. பகல் சாப்பாட்டைப் பிரித்து வைத்துவிட்டு, விளம்பரத்தின் கீழே எழுதினேன்: ‘இவர் காரை விற்கவே மாட்டார். கூப்பிட்டு வைத்துச் சும்மா கதைப்பார். பெற்றோலைச் செலவழித்துப் போகாதீர்கள்.’ என் பெயரைப் போடவில்லை. ‘ஏமாந்த ஒருவர்’ என்று போட்டேன். பின்னேரத்துக்குள் இன்னும் பலர் அதன்கீழ் ‘உண்மை’, ‘எனக்கும் அப்படித்தான்’ என்று எழுதியிருந்தார்கள். அப்படி எழுதிய சிலர் இதை வாசிக்கிறீர்கள். உங்களைக் குற்றம் சொல்லவில்லை. தொடங்கியது நான்.

கூப்பிட்டு வைத்துச் சும்மா கதைப்பார். என் கையாலேயே எழுதிய வரி. அதில் இருந்த மனிதரை எழுதும்போது நான் பார்க்கவில்லை.

சில மாதம் கழித்து, பிரஷர் மாத்திரை எடுக்க அவர் என் கடைக்கே வந்தார். மெலிந்திருந்தார். சேர்ட் தோளில் தொங்கியது. மாத்திரையை எண்ணிப் போட்டுக்கொண்டிருந்த என்னிடம், “இப்ப காரைப் பாக்க ஒருத்தரும் வாறேல்லைப் பிள்ளை” என்றார். “பலகை ரெண்டும் பாசி பிடிச்சுப் போச்சு.”

நான் தலையைத் தூக்கவில்லை. காலையில் ஒன்று, சாப்பாட்டுக்குப் பிறகு என்று உறையில் எழுதினேன்.

“நீங்கள் ஒருக்கா வாங்கோவன். வாங்கத் தேவையில்லை. ஒரு ஓட்டம் போட்டிட்டு வருவம்.”

“வரேன் சேர்” என்றேன். நான் போகவில்லை. அதன்பின் அவர் மூன்று தடவை போன் எடுத்தார். கடையில் சனம் என்று ஒருமுறை சொன்னேன். மற்ற இரண்டு முறையும் அடித்து ஓய விட்டேன். அந்த எழுத்து என்னுடையது என்று அவருக்குத் தெரியுமா என்பது எனக்கு இன்றைக்கும் தெரியாது. கேட்டுவிடுவாரோ என்ற பயம்தான் போகவிடாமல் பிடித்துவைத்தது.

புதன்கிழமை செத்தவீட்டில் சொந்தக்காரர் குறைவு. யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு வான் பிடித்து வந்திருந்தார்கள். முற்றத்தில் பெரும்பாலும் ஒருவரையொருவர் தெரியாமல், வெவ்வேறு வயதில் கொஞ்சப்பேர் தனித்தனியாக நின்றுகொண்டிருந்தோம். பிரேத வண்டி வாசலுக்கு வந்து, கானைக் கண்டு தயங்கி நின்றது. அப்போது, யாரும் யாரிடமும் ஒன்றும் சொல்லாமல், ஆறேழு பேர் ஒரே நேரத்தில் வீட்டுக்குப் பின்னால் நடந்தார்கள். தண்ணீர்த் தாங்கியின் பக்கம். ஃபாஸில் ஒரு முனை, தெல்தோட்டைப் பெரியவர் மறுமுனை. பாசியைக் கையால் வழித்துவிட்டு, சில்லுக்கு நேராகப் பார்த்து வைத்தார்கள். அப்போதுதான் நாங்கள் ஒருவரையொருவர் அடையாளம் கண்டோம்.

அந்தக் காரை அன்றைக்கு யாரும் கேட்கவும் இல்லை. ஃபாஸிலுக்குக் கலியாணமாகிக் குழந்தையும் இருக்கிறது. பிள்ளையின் தள்ளுவண்டில் வைக்கிற மாதிரிப் பெரிய டிக்கி உள்ள காராகத் தேடுகிறான். பெரியவரின் முழங்கால் சம்மதிக்கவில்லை. நானும் அண்ணன் சொன்னபடி சின்னதாக ஒன்று வாங்கிவிட்டேன். எண்ணெய்ச் செலவு குறைவு.

ஆண்கள் சுடலைக்குப் போனபின் வீட்டில் நாங்கள் சில பெண்கள் மட்டும். சுபா என் பக்கத்தில் வந்து இருந்தாள். அவளிடம் மெதுவாகக் கேட்டேன், காரை விற்கவேண்டாம் என்று அப்பாவிடம் சொன்னீர்களா என்று. அவளுக்கு விளங்கவில்லை. “அப்பா கார் விக்கப்போறார் எண்டு என்னட்டைச் சொன்னதே இல்லையே, அக்கா. அவருக்கு அது உயிரெல்லோ.”

பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள். “அப்பாவைத் தனிய விட்டிட்டன் எண்டு எனக்கு எப்பவும் கவலை. அங்கை கூப்பிட்டாலும் வாறேல்லை. ‘எனக்கு இங்கை எவ்வளவு சனம், பிள்ளை’ எண்டு சொல்லுவார். கடைசி வருசம் முழுக்க உங்களைப் பற்றித்தான் கதை. ஞாயிறுக்கு ஞாயிறு மருந்துக்கடைப் பிள்ளை வருவா, ரெண்டு பேருமாப் பலகை போட்டுக் கலஹா வரை ஓடிப்போட்டு வருவம் எண்டு. நல்லாச் சிரிப்பாவாம் நீங்கள். அதைக் கேட்டுத்தான் நான் நிம்மதியா இருந்தனான். பெரிய உபகாரம், அக்கா.”

தலையை ஆட்டினேன். அந்த ஆட்டலை நம்பிக்கொண்டு அவள் மெல்போர்னுக்குத் திரும்பக்கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன்.

சுபா, நான் போனது இரண்டே இரண்டு ஞாயிறு. மற்ற ஞாயிறுகளில் கடையைப் பூட்டிவிட்டு என் அறையில் தனியாகத்தான் படுத்துக்கிடந்தேன். ஹிந்தகலைக்கு அரைமணி நேர பஸ். அந்த நாட்களிலெல்லாம் உங்கள் அப்பா என்னைக் காரில் ஏற்றி, வளைவுக்கு வளைவு கியர் சொல்லி, சிரிக்க வைத்திருக்கிறார். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியவை நான் போகாத அந்த ஞாயிறுகள்தான்.