கப்பலைக் கேட்காத கட்டுரை

குழாயில் தண்ணீர் வரும் நாளில் அந்தமானின் கராச்சர்மாவில் யாரும் வேறு வேலை வைத்துக்கொள்வதில்லை. வீட்டுப் பின்பக்கம் என்னிடம் ஒரு நீல பிளாஸ்டிக் டிரம் இருக்கிறது. மீன்பிடிப் படகில் ஐஸ் போட்டு வைப்பார்களே, அந்த ரகம். திருகி இறுக்கும் கறுப்பு மூடி. மூடியின் மேல் சிவப்புப் பெயிண்டில், தமிழிலும் இந்தியிலும், ‘புத்தகம். தண்ணி படக் கூடாது’ என்று எழுதியிருக்கிறது. வெயில் பட்டு இந்தி எழுத்து அநேகமாகப் போய்விட்டது, தமிழ் நிற்கிறது. பக்கத்து வீட்டு வங்காளிப் பெண்மணிக்கு ஒருமுறை அதன் பொருளைச் சொன்னேன். “அங்கிள், இஸ்மே தோ பானி ஹீ பானி ஹை!” என்று வாய்விட்டுச் சிரித்தார். இதில் முழுக்கத் தண்ணீர்தானே இருக்கிறது என்றார். நானும் சிரித்துவைத்தேன்.

அந்த எழுத்து டீச்சருடையது. நான் போர்ட் பிளேரில் ஒரு தொலைநிலைப் பல்கலைக்கழகத்தின் மண்டல அலுவலகத்துக்குத் தலைவனாக இருந்தபோது, அவர் எங்களிடம் பாட ஆலோசகராக இருந்தார். வார நாட்களில் அரசுப் பள்ளியில் வரலாறு நடத்துவார். சனி, ஞாயிறுகளில் எங்கள் மாணவர்களுக்கு வகுப்பு. கன்னியாகுமரிக் கடற்கரையிலிருந்து வந்த குடும்பம். அண்ணன் சொந்தமாகப் படகு வைத்திருந்தார். லம்பா லைனில் இருந்து பஸ்ஸில் வந்து இறங்கினால் முதலில் அவர் குரல்தான் அலுவலகத்துக்குள் வரும், பிறகு அவர். எங்கள் மாணவர்களில் பாதிப்பேர் தெற்குத் தீவுகளில் இருந்தார்கள். அங்கன்வாடிப் பணியாளர்கள், காவலர்கள், ரப்பர் தோட்டத்துப் பிள்ளைகள். அவர்களுக்குப் பாடப் புத்தகம் தபாலில் போகும். மழைக்காலத்தில் சாக்கு நனைந்து, பக்கங்கள் ஒட்டிக் கட்டியாகிப் போய்ச் சேரும். அதைப் பொறுக்காமல்தான் டீச்சர் அண்ணனிடமிருந்து இந்த டிரம்மைப் பிடுங்கிக்கொண்டு வந்தார்.

டிரம் கப்பலில் போகும். புத்தகங்களோடு தெற்கே போய், ஒவ்வொரு தீவின் துறையிலும் திறக்கப்பட்டு, கடைசியில் மாணவர்கள் எழுதிய ஒப்படைப்புத் தாள்களோடு திரும்பி வரும். கப்பல் ஆட்களுக்கு அவர் ‘மச்லி மேடம்’, அதாவது மீன் மேடம். டிரம்மில் அவ்வளவு மீன் வாடை. எத்தனை சோப்புப் போட்டாலும் போகவில்லை. தாள்களைத் திருத்திய மெயின்லேண்ட் பேராசிரியர் ஒருவர், விடைத்தாளில் மீன் நாற்றம் அடிக்கிறது, இது ஒழுங்கீனம் என்று எனக்கு எழுதினார். டீச்சரிடம் காட்டினேன். “கடலு தாண்டி வந்திருக்குன்னு அதுதான் சார் அத்தாட்சி. மல்லிப்பூவா மணக்கும்?” என்றார். நான் பேராசிரியருக்கு மன்னிப்புக் கடிதம் எழுதினேன். அப்படிப்பட்டவன் நான்.

இனி என் கதை. எனக்குப் பதவி உயர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. அதற்கு ஆய்வுக் கட்டுரைகள் வேண்டும், அதுவும் வெளிநாட்டு ஆய்விதழில் வர வேண்டும். எங்கள் துறையில் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒரு சொல் காய்ச்சல்போலப் பரவும். ஒரு காலத்தில் ஒலிநாடா, பிறகு தொலைக்காட்சி, பிறகு கணினி. அப்போதைய காய்ச்சல் இணையவழிக் கல்வி. அந்தச் சொல் தலைப்பில் இருந்தால் கட்டுரை ஓடும். இல்லையென்றால் இதழ் ஆசிரியர் முதல் பக்கத்தைக்கூடத் தாண்டமாட்டார். மாணவன் எப்படிப் படிக்கிறான் என்பதைவிட, இந்த ஆண்டு எதைப் பற்றி எழுதினால் மற்றவர்கள் மேற்கோள் காட்டுவார்கள் என்பதில்தான் எங்கள் மூளை வேலை செய்தது. எங்கள் மூளை என்று பலரோடு சேர்ந்து ஒளிந்துகொள்வானேன். என் மூளை.

அந்தச் சமயத்தில் டீச்சர் ஒரு கட்டுரை எழுதிக்கொண்டு வந்தார். நம் மாணவர்கள் ஏன் நடுவில் நின்றுவிடுகிறார்கள் என்பது பொருள். கப்பல் துறையிலும் தேர்வு அறை வாசலிலும் ஆண்டுக்கணக்கில் அவர் பேசித் தெரிந்துகொண்டதெல்லாம் அதில் இருந்தது. கப்பல் தாமதமானால் தேர்வு போகிறது. புத்தகம் வரத் தவறினால் ஆள் போய்விடுகிறான். புத்தகம் மட்டும் கைக்குப் போய்விட்டால் எப்படியாவது எழுதிவிடுகிறான். கொஞ்சம் நீளம். ஆங்கிலம் அங்கங்கே தடுக்கியது. ஆனால் உண்மை. நான் படித்துவிட்டு, “நல்லாத்தான் இருக்கு டீச்சர். ஆனா இதை யாரு போடுவா? இதுல அட்டவணை எங்க? கப்பலைப் பத்தி எழுதினா கப்பல் கம்பெனிக்காரன்தான் படிப்பான்” என்றேன். “போடுத மாதிரி நீங்க மாத்துங்க சார். விஷயம் போய்ச் சேந்தா போதும்” என்றார். என்னை நம்பிக் கொடுத்தார்.

நான் மாற்றினேன். தீவு மாணவர்களிடையே இணையவழிக் கல்விக்கு உள்ள வரவேற்பு என்று தலைப்பு வைத்தேன். கேள்வித்தாள் ஒன்று தயாரித்தேன். அச்சுப் புத்தகம் வேண்டுமா, இணையத்தில் பாடம் போதுமா என்பது அதன் சாரம். அந்தக் கேள்வித்தாளை எல்லா மாணவர்களுக்கும் மின்னஞ்சலில் அனுப்பினேன்.

இதை எழுதும்போது இன்றைக்கும் காது சுடுகிறது. கடலடியில் இணையக் கேபிள் வருவதற்கு முந்திய காலம் அது. போர்ட் பிளேரிலேயே ஒரு படம் திறக்க டீ குடித்துவிட்டு வரலாம். தெற்குத் தீவுகளில் மேகம் மூடினால் போன்கூட இருக்காது. இணையம் இருக்கிறதா என்ற கேள்வியை இணையத்தில் கேட்டேன். பதில் போட்டவர்கள் யார்? போர்ட் பிளேரின் குட்வில் எஸ்டேட்டில் வீட்டு இணைப்பு வைத்திருந்தவர்கள், அரசு அலுவலகத்துக் கணினியில் உட்கார்ந்திருந்தவர்கள். அத்தனை பேரும் இணையம் நன்றாக இருக்கிறது என்றார்கள். நீந்தத் தெரியுமா என்று கரையேறியவனிடம் மட்டும் கேட்ட கணக்கெடுப்பு. எனக்கு அது தெரியாமல் இல்லை. பதில் வராதவர்கள் ஆய்வில் சேர்க்கப்படவில்லை என்று அடிக்குறிப்பில் சிறிய எழுத்தில் போட்டு, மனசாட்சியை அங்கே கட்டிப்போட்டேன்.

இதழின் மதிப்பீட்டாளர்கள் இரண்டு பேர். பதில் போடாதவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. ஒருவர், சமீபத்திய கட்டுரைகளை மேற்கோள் காட்ட வேண்டும் என்று ஒரு பட்டியல் கொடுத்தார். பட்டியல் முழுக்க ஒரே ஆளின் கட்டுரைகள், அந்த ஆள் யாரென்று ஊகிக்கப் பெரிய அறிவு தேவையில்லை. இன்னொருவர், டீச்சரின் எழுத்திலிருந்து நான் விட்டுவைத்திருந்த ஒரே பத்தியை, கப்பலைப் பற்றிய பத்தியை, தேவையற்ற உள்ளூர் விவரம் என்று எடுக்கச் சொன்னார். எடுத்தேன். தீவுகளைப் பற்றிய கட்டுரையில் கப்பல் இல்லை. வெளியானது. என் பெயர் முதலில், டீச்சர் பெயர் அடுத்து. அவருக்கு ஒரு பிரதி கொடுத்தேன். மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ஒருமுறை முழுக்கப் படித்தார், மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வகுப்புக்குப் போய்விட்டார்.

அடுத்த கல்வியாண்டு தொடங்கும் முன் தலைமையகத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது. தீவுகளுக்கு அச்சுப் புத்தகம் அனுப்புவது நிறுத்தப்படுகிறது. பாடங்கள் இணையத்தில் கிடைக்கும். தீவு மாணவர்களிடமே நடத்திய ஆய்வு இதை உறுதி செய்கிறது என்று என் கட்டுரையைக் குறிப்பிட்டிருந்தார்கள். காணொலிக் கூட்டத்தில் துணைவேந்தர் என்னைப் பாராட்டினார். பாராட்டின் நடுவில் படம் உறைந்துபோய், திறந்த வாயோடு அவர் திரையில் நின்றுவிட்டார். அதைப் பார்த்துக்கூட எனக்குப் புத்தி வரவில்லை.

டீச்சர் அன்று பள்ளி விட்டதும் நேராக வந்தார். உட்காரவில்லை.

“நீங்க யாருகிட்ட கேட்டிய சார்?”

“எல்லாருக்கும் அனுப்பினோமே டீச்சர்.”

“அனுப்பினிய. கப்பலக் கேட்டியளா? துறையில வந்து நிக்குத பிள்ளையளக் கேட்டியளா? என் பேரையும் போட்டு, என் கையாலயே அதுகளுக்க கழுத்தை அறுத்துட்டியளே.” கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு தணிந்த குரலில் சொன்னார்: “ஒரு வரி எழுதிப் போடுங்க சார். தெக்குத் தீவுக்காரங்க இதுல இல்ல, இத வச்சுப் புஸ்தகத்த நிறுத்தாதீங்கன்னு. ஒத்த வரி.”

ஒரு வரிதான். அந்த வரியை எழுதினால் கட்டுரை பொய்யென்று நானே சொன்னதாகும். பதவி உயர்வுக்கான நேர்காணல் நெருங்கியிருந்தது. “பார்ப்போம் டீச்சர்” என்றேன். இந்தத் தேசத்தில் அந்தச் சொல்லுக்கு மாட்டேன் என்று பொருள் என்பது அவருக்கும் தெரியும்.

தேர்வுக் காலத்தில் கச்சால் தீவிலிருந்து ஒரு பெண் வந்தாள். இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து ரப்பர் தோட்டத்தில் குடியேறியவர்களின் பேத்தி, அங்கன்வாடியில் வேலை. பட்டம் முடித்தால் மேற்பார்வையாளர் ஆகலாம், இறுதியாண்டு. டீச்சர் அவளை என் மேசைக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார். அவள் தன் கைப்பேசியை எடுத்து எனக்குக் காட்டினாள். பாடத்தின் பக்கம் திறக்காமல் சின்ன வட்டம் ஒன்று சுற்றிக்கொண்டிருந்தது. “கச்சால்ல தான் இப்பிடின்னு நெனைச்சேன் சார், இங்கயும் சுத்துதே. எங்க ரோலர் சுத்தினா ரப்பர் ஷீட்டாவது வரும். இது சும்மா சுத்துது” என்று சிரித்தாள். பிறகு, “புக்கு மட்டும் அனுப்பச் சொல்லுங்க சார். நெட்டு எங்களுக்கு ஏலாது. கப்பல் வந்தா போதும்” என்றாள். படிக்க எதுவுமில்லாமல் தேர்வு எழுத வந்திருந்தாள். நான் அவளுக்கு டீ வாங்கிக் கொடுத்தேன். நான் செய்தது அவ்வளவுதான்.

பள்ளியிலிருந்த நகல் இயந்திரத்தில் பாடங்களை எடுத்து டீச்சர் கடைசியாக ஒருமுறை டிரம்மை அனுப்பிப் பார்த்தார். பாதிப் பாடங்கள்தான் முடிந்தன. அந்த முறை டிரம் திரும்பி வந்தபோது கனமாக இருந்தது. ஆர்வமாக மூடியைத் திருகினோம். ஒரு தாள்கூட இல்லை. உள்ளே முழுக்கத் தேங்காய். படிப்பை விட்டுவிட்ட பிள்ளைகள், டீச்சர் பட்ட பாட்டுக்கு நன்றியாகத் தீவிலிருந்து கொடுத்தனுப்பியவை. அலுவலகமே கூடி நின்றது. “இந்த வருஷம் தேங்காதான் பாஸ் சார்” என்றார் டீச்சர். யாரோ சிரித்தார்கள். அவர் தேங்காய்களை எல்லோருக்கும் எடுத்துக் கொடுத்தார், பியூன் வரைக்கும். எனக்குக் கொடுக்கவில்லை. காலி டிரம்மை உருட்டிக்கொண்டுவந்து என் அறைக்குள் நிறுத்தினார். “இத நீங்களே வச்சுக்கிடுங்க. உங்க பேருதான மொதல்ல இருக்கு” என்றார். மறுவாரத்திலிருந்து வகுப்புக்கு வரவில்லை.

எனக்குப் பதவி உயர்வு கிடைத்தது. மெயின்லேண்டில் பெரிய அறை, கருத்தரங்குகள், தோளில் சால்வை. அந்தக் கட்டுரை என்னைவிட நன்றாக வாழ்ந்தது. மலைக் கிராமங்களுக்கு இணையக் கல்வி என்று எழுதியவரும், ஆற்றுத் தீவுகளுக்கு எழுதியவரும், என்றைக்கும் கடல் பார்க்காதவரும் அதை மேற்கோள் காட்டினார்கள். தொலைதூர மாணவர்கள் இணையத்தையே விரும்புகிறார்கள் என்ற வரிக்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் என் பெயர். ஒருவரும் அடிக்குறிப்பைப் படிக்கவில்லை. ஒருவர் எழுதியதைப் பார்த்து இன்னொருவர் எழுதினார், அவரைப் பார்த்து மற்றொருவர். பொய் ஒன்று இத்தனை கை மாறினால் அதற்குப் பெயர் ஆய்வுப் போக்கு. இவர்களில் யாராவது ஒருவர் ஒரே ஒரு முறை கப்பல் துறைக்குப் போய் நின்றிருந்தால்! எனக்கு வரும் கோபத்தில் பாதி அவர்கள் மேல். மீதிப் பாதியை யார் மேல் போடுவதென்று நான் தேட வேண்டியதில்லை; துறைக்கு நடந்துபோகும் தூரத்தில் உட்கார்ந்திருந்தும் போகாதவன் நான்.

ஓய்வுபெற்று, அங்கேயும் கூடவே வைத்திருந்த டிரம்மோடு இங்கேயே திரும்பி வந்தேன். கேபிள் வந்துவிட்டது, கராச்சர்மாவில் இணையம் பறக்கிறது. அந்த வேகத்தில் எனக்கு முதலில் வந்து சேர்வது, வாழ்த்துகள், உங்கள் கட்டுரையை மேலும் ஒருவர் மேற்கோள் காட்டியுள்ளார் என்ற மின்னஞ்சல்தான். யாரோ கன்னத்தில் அறைந்துவிட்டு மாலை போடுவதுபோல. போன ஆண்டு ஒருவழியாக அந்த இதழுக்கு எழுதினேன். ஆய்வின் அடித்தளமே தவறு, கட்டுரையைத் திரும்பப் பெறுங்கள், தவறு முழுக்க என்னுடையது என்று. இதழாசிரியர் மரியாதையாகப் பதில் போட்டார். பதிலளிக்காதவர்கள் விலக்கப்பட்டதாக அடிக்குறிப்பு இருப்பதால் மறைத்ததாகக் கொள்ள முடியாதாம். கட்டுரை தொடர்ந்து பரவலாகப் பயன்பட்டுவருகிறதாம். மாற்றுக் கருத்து இருந்தால், புதிய போக்குகளை ஒட்டி, கட்டணத்துடன் புதிய கட்டுரை அனுப்பலாமாம். மனசாட்சியை நான் கட்டிப்போட்டிருந்த அதே அடிக்குறிப்பை எடுத்து அவர்கள் கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார்கள்.

அந்தப் பதிலைக் கைப்பேசியில் வைத்துக்கொண்டு லம்பா லைனுக்குப் போனேன். டீச்சருக்கும் வயதாகிவிட்டது, குரல் அப்படியே இருக்கிறது. வாசலிலேயே நாற்காலி போட்டார். நான் மன்னிப்புக் கேட்டேன். பதிலைப் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, “கேட்ட அன்னிக்கு ஒத்த வரி எழுதியிருந்தா, கட்டணம் இல்லாம முடிஞ்சிருக்கும்லா” என்றார். கச்சால் பெண்ணைப் பற்றிக் கேட்டேன். “அங்கன்வாடியில தான் இருக்கா. அவ எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுத்த பிள்ளை படிச்சு வந்து இப்ப அவளுக்கு சூப்பர்வைசர். அவளுக்க கிட்ட போய் மன்னிப்புக் கேளுங்க, என்கிட்ட எதுக்கு?” எழும்போது, “டிரம்மு இருக்கா?” என்று கேட்டார்.

“இருக்கு டீச்சர். தண்ணி பிடிச்சு வைக்கிறேன்.”

“அதுல தண்ணியா பிடிக்கிய!” என்றார். சிரிப்பாரென்று நினைத்தேன். கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

இன்று தண்ணீர் வந்தது. வழக்கம்போல டிரம் பக்கம் ரப்பர் குழாயைக் கொண்டுபோனேன், உள்ளே விடவில்லை. பக்கத்து வீட்டுப் பெண்மணி மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்து, “அங்கிள், பானி சலா ஜாயேகா, பர்லோ!” என்று கத்தினார், தண்ணீர் நின்றுவிடும், சீக்கிரம் பிடியுங்கள் என்று. வாளிகளில் மட்டும் பிடித்தேன். இருந்த தண்ணீரைச் சாய்த்துக் கொட்டிவிட்டு, உள்ளே துணியால் துடைத்து, டிரம்மை வெயிலில் கவிழ்த்து வைத்திருக்கிறேன். மூடி தனியாகக் காய்கிறது. குனிந்து மோந்து பார்த்தேன். இத்தனை வருஷத் தண்ணீருக்குப் பிறகும் அடியில் மீன் வாடை இருக்கிறது. கச்சாலுக்கு அடுத்த கப்பலில் இடம் கேட்டிருக்கிறேன். டிரம்மையும் கொண்டுபோகிறேன். அந்தப் பெண்ணின் பாடத்துக்கான புத்தகங்களைக் கடையில் தேடி வாங்கியாகிவிட்டது. இந்த வயதில் அவள் படிப்பாளா, என் முகத்தில் விட்டெறிவாளா, தெரியாது. எதுவானாலும் இந்த முறை துறையில் நின்று கேட்டுத் தெரிந்துகொள்வேன்.