பலகை ரயிலின் வாசலில்

"வாசலை விட்டு எந்திரிங்கம்மா, எல்லாரும் நிக்கறாங்க" என்று மேனேஜர் கத்தினார். நான் எழுந்திருக்கவில்லை. அதுவரை எந்த மேனேஜரையும் நான் நிமிர்ந்துகூடப் பார்த்ததில்லை.

கம்பெனிக்காரர்கள் சிலர் ஏற்காட்டில் பங்களா எடுத்து, பெரிதாகிக்கொண்டே போகும் ஒரு விமான நிலையத்துக்கு ரயில் திட்டம் போட்டார்கள். ஒரு கட்டடத்திலிருந்து மறு கட்டடத்துக்குப் பூமிக்கடியில் ஆட்களைக் கொண்டுபோகும் ரயில். டிரைவர் கிடையாது, தானாக ஓடும். அந்தப் பங்களாவில் கூட்டித் துடைக்கிற வேலை எனக்கு.

பங்களாக் கூடத்தில், சோதித்துப் பார்க்க, பலகையால் ஒரு ரயில் பெட்டி செய்திருந்தார்கள். ரயில் வழியில் நின்றுவிட்டால் இறங்கி நடக்க, ஓரமாக ஒரு நடைபாதை. அது பெட்டியின் தரைக்கு முழங்கால் அளவு கீழே இருந்தது. ஆபீஸ் ஆட்கள் குதித்து இறங்கினார்கள். எல்லோரும் வெளியேற இவ்வளவு நேரம் என்று வைத்திருந்த கணக்குக்குச் சரியாக வந்தது. பிறகு வயசானவர்களை வைத்து ஒரு போட்டோ எடுக்க, என்னையும் எஸ்டேட்டில் முன்பு என்னோடு காபி பறித்த நாலு பேரையும் அவர்களோடு ஏற்றினார்கள்.

காபித் தோட்டத்துச் சரிவில் நாங்கள் முன்பக்கம் பார்த்து இறங்குவதில்லை. திரும்பி, கையை ஊன்றி, காலால் தடவித்தான் இறங்குவோம். அன்றும் அப்படியே இறங்கினோம். எங்களுக்குப் பின்னால் எல்லோரும் அடைத்து நின்றார்கள்.

"சார், டைம் தாண்டிடுச்சு" என்றார் கடிகாரம் பிடித்திருந்த இன்ஜினியர் அம்மா.

"இவங்களைக் கணக்குல சேர்க்காதீங்க. மலைக்காட்டு ஆளுங்க பிளேன் ஏறவா போறாங்க? இவங்க இல்லாம இன்னொரு தடவை எடுங்க" என்றார் மேனேஜர்.

என் கூட்டாளி சரசு விடவில்லை. "ஏனுங்க, எங்க ஊட்டுப் பையன் துபாய்ல இருக்கறான். அவன் டிக்கெட் போட்டா உங்களைக் கேட்டுட்டா ஏறோணும்?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மறுபடி பெட்டியில் ஏறி வாசலிலேயே உட்கார்ந்துகொண்டேன். அப்போதுதான் மேனேஜர் அப்படிக் கத்தினார். "நாளைக்கு வேலைக்கு வர வேண்டாமா?" என்றும் கேட்டார்.

எனக்கு வாய் குழறியது. "வேலை போனாப் போகுதுங்க. நெசமா வண்டி நின்னு பொகை வந்தா, என்னைய எங்கீங்க தள்ளி வெப்பீங்க? அதைச் சொல்லுங்க, எந்திரிக்கறேன்."

அதைக் கேட்டு இன்ஜினியர் அம்மா எங்களையும் சேர்த்து எடுத்த நேரத்தை அடித்துவிடாமல் நோட்டில் அப்படியே வைத்தார். மறுநாள் நடைபாதையைப் பெட்டித் தரை மட்டத்துக்கு உயர்த்தினார்கள். ஐந்து பேரும் நேராக நடந்து வெளியே வந்தோம். நிஜ ரயிலுக்கான வரைபடமும் அப்படியே மாறியது.

வாரக் கடைசியில் என்னை நிறுத்திவிட்டார்கள். வேறு பங்களாவில் சேர்ந்தேன்.

புதிதாக வேலைக்கு வரும் பெண்களுக்கு ஒன்று சொல்வேன். பெரிய ஆட்கள் முன்னால் பேச்சு வராவிட்டால் பேச வேண்டாம். உட்கார்ந்த இடத்தை மட்டும் விடாதீர்கள்.