பத்லாப்பூர் ரோடும் செம்பூர் மாடிப்படியும்

லாரி இல்லாத, ஹாரன் இல்லாத, ஞாயிற்றுக்கிழமை நிம்மதியாகச் சைக்கிள் விடக்கூடிய ரோடு பம்பாய்ப் பக்கத்தில் எங்கே இருக்கிறது? பல வாசகர்கள் கேட்டிருந்தீர்கள். மேப் போட்டுத் தருகிறேன் என்று நானும் போன வாரம் வாக்குக் கொடுத்திருந்தேன்.

மேப் போட்டாயிற்று. ஆனால் அது இப்போது என்னிடம் இல்லை. பத்லாப்பூர் பக்கத்தில் ஒரு போலீஸ் சௌக்கியில், அதாவது அவுட்போஸ்டில், இருக்கிறது.

மேப் இல்லாவிட்டால் என்ன, வாயால் சொல்கிறேன். தாதரில் கர்ஜத் லோக்கல் ரயிலின் லக்கேஜ் பெட்டியில், காலி பால் கேன்களுக்கு நடுவே சைக்கிளை ஏற்றிவிடுங்கள். பத்லாப்பூரில் இறங்கி ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால், மலையடிவாரத்தை ஒட்டியே ஒரு ரோடு போகிறது. ஒரு பக்கம் நெல் வயல், இன்னொரு பக்கம் மலை. மழை ஓயும் இந்தச் சமயத்தில் நாலு இடத்தில் ஓடைத் தண்ணீர் ரோட்டைக் கடந்து போகும். எப்போதாவது ஒரு மாட்டு வண்டி வரும். மற்றபடி நம் சைக்கிள் செயின் சத்தம் நமக்கே கேட்கும். மாட்டுங்காவில் குடியிருக்கிறவனுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று நான் சொல்ல வேண்டுமா?

என்னோடு வந்தவன் சுந்தரேசன். என் ஆபீஸில் டிராஃப்ட்ஸ்மன். வயது முப்பத்து மூன்று. அம்மா கும்பகோணத்தில். பம்பாயில் உறவு என்று சொல்லிக்கொள்ள நானும் என் மனைவியும்தான். அன்று சாயங்காலம் அவனுக்குச் செம்பூரில் பெண் பார்க்கும் ஏற்பாடு.

இதற்கு முன்னால் ஏழெட்டுப் பெண்கள் பார்த்து, ஒன்றும் குதிராமல் போனது. அதைப் பற்றி அவன் கவலைப்பட்டதும் இல்லை. ஆனால் இந்தப் பெண் வேறு. வசந்தா என்று பெயர், பம்பாய்க் கோட்டைப் பகுதியில் ஒரு கம்பெனியில் டைப்பிஸ்ட். பஸ்ஸில் ஆறு மாதமாகப் பார்த்துக்கொண்டு வருகிறான், ஒரு வார்த்தை பேசியதில்லை. தற்செயலாக அந்த ஜாதகமே கைக்கு வந்து, பொருந்தியும் விட்டது. ராகு காலம் நாலரைக்கு ஆரம்பிப்பதால் அதற்கு முன்னால் வந்துவிட வேண்டும் என்று பெண்ணின் அப்பா சொல்லி அனுப்பியிருந்தார்.

அப்படிப்பட்ட நாளில் எதற்குச் சைக்கிளும் மலையும்? நானும் கேட்டேன்.

"ஆத்துல உக்காந்திருந்தா பைத்தியமே பிடிச்சுடும் சார். மத்தியானத்துக்குள்ள திரும்பிடலாம்" என்றான்.

சரி என்று கிளம்பினோம். போகிற வழியில் அங்கங்கே சைக்கிளை நிறுத்தி, உங்களுக்காகத்தான் மேப் போட்டான். டிராஃப்ட்ஸ்மன் அல்லவா... பாலம், கிணறு, தண்ணீர்க் குழாய், மேடு, வளைவு, எல்லாம் அளவாக, அம்புக்குறி போட்டு, தமிழில்.

இப்போது கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். நாட்டில் யுத்தம் நடந்துகொண்டிருக்கிறது. ஊரெல்லாம் ஜன்னலுக்குக் கறுப்புக் காகிதம் ஒட்டியிருக்கிறோம். அன்னியர் யாராவது சந்தேகமாகத் திரிந்தால் போலீஸுக்குச் சொல்லுங்கள் என்று ரேடியோ ஓயாமல் சொல்கிறது. இந்தச் சமயத்தில் இரண்டு பேர் பாலத்தின் மேல் நின்று, பாலத்தையும் தண்ணீர்க் குழாயையும் படம் வரைகிறார்கள். அதுவும் அந்த ஊரில் ஒருவருக்கும் படிக்கத் தெரியாத எழுத்தில். நானே பார்த்திருந்தால் நானே பிடித்துக் கொடுத்திருப்பேன்.

வயலில் இருந்தவர்கள் போய்ச் சொல்லிவிட்டார்கள். ஹவல்தார் வந்தார். ஐம்பது வயது, பெரிய மீசை, மரியாதையான மனிதர். எங்களைச் சௌக்கிக்கு அழைத்துப் போய், டீ வாங்கிக் கொடுத்து, பெஞ்சில் உட்காரவைத்தார். இது என்ன எழுத்து, என்ன எழுதியிருக்கிறது என்று இந்தியில் கேட்டார். சொன்னோம். நீங்கள் சொல்வதை நான் எப்படி நம்புவது என்றார். அதுவும் நியாயம்தானே?

அரிசி மில்லில் ஒரு மதராஸி மெக்கானிக் இருக்கிறான், அவனைக் கூப்பிடு என்று ஆள் அனுப்பினார். தங்கராஜ் வந்து சேர்ந்தான். திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பம், பிறந்து வளர்ந்தது தாராவி. கை துடைத்துக்கொண்டு, மேப்பை வாங்கி, வெகுநேரம் உற்றுப் பார்த்தான். பிறகு என் பக்கம் குனிந்தான்.

"அண்ணாச்சி, நான் படிச்சதெல்லாம் இந்தி ஸ்கூல்ல. தமிள் பேசத்தான் வரும், எளுத்து தெரியாது. என்ன எளுதிருக்குன்னு மெதுவா சொல்லுங்க, நான் சாப்கிட்ட சொல்லிக்கிடுதேன்."

குற்றவாளியே மொழிபெயர்ப்பாளருக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பதை எந்த ஹவல்தார் பொறுத்துக்கொள்வார்? இனிமேல் நாங்கள் வாயைத் திறக்கக் கூடாது என்று உத்தரவு போட்டார். தங்கராஜ் தனியாக மாட்டிக்கொண்டான். எழுத்து தெரியாது என்று ஹவல்தார் முன்னால் ஒப்புக்கொள்ள அவனுக்கு மனசு வரவில்லை. எங்களையும் காப்பாற்ற வேண்டும். நல்ல மனசுதான்.

"சாமி பாட்டு சாப்" என்றான். "முருகன் பஜன்."

ஹவல்தார் மேப்பை வாங்கி, அம்புக்குறி ஒவ்வொன்றாக விரல் வைத்துக் காட்டினார். பஜனில் இது என்ன என்று கேட்டார். தங்கராஜுக்கு மில்லில் அவசர வேலை ஞாபகம் வந்துவிட்டது.

இத்தனைக்கும் நடுவே சுந்தரேசன் சுவரில் இருந்த கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். கடைசியில் அடக்க முடியாமல், இன்று எனக்குப் பெண் பார்க்கிற நாள் என்று உடைந்த இந்தியில் ஹவல்தாரிடம் சொல்லிவிட்டான். அவர் முகம் இளகியது. அவருக்கும் பெண்கள் இருக்கிறார்களாம். அதற்காக விட்டுவிட முடியுமா? தன் சைக்கிளை எடுத்தார். "வா, படத்தில் இருக்கிறதெல்லாம் ரோட்டிலும் இருக்கிறதா, பார்த்துவிடலாம்" என்றார்.

முழு ரோட்டையும் மறுபடி மிதித்தோம். சுந்தரேசன் படிக்கப் படிக்க, ஒவ்வொன்றும் சொன்ன இடத்தில் வந்தது. 'இங்கே இறங்கித் தள்ளவும்' என்று எழுதியிருந்த மேட்டில் ஹவல்தார் இறங்க மறுத்தார். பாதி தூரத்தில் இறங்கித் தள்ளினார். கிணற்றுத் தண்ணீர் இனிக்கும் என்று எழுதியிருந்தது. குடித்துப் பார்த்துத் தலையாட்டினார். இத்தனை வருஷம் ரோந்து வந்தும் இந்தக் கிணற்றில் குடித்ததில்லை என்றார். எங்களை அனுப்பிவிட்டார். மேப்பை மட்டும் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். டியூட்டியாம்.

ரயிலில் சுந்தரேசனிடம், "லோக்கல் லேட்டுன்னு சொல்லிடு, பம்பாயில அதை யாரும் சந்தேகப்பட மாட்டா" என்று யோசனை சொன்னேன். குர்லாவில் இறங்கி, சேற்றுப் பேன்ட்டோடு மிதித்துச் செம்பூர் போய்ச் சேர்ந்தபோது மணி ஐந்து.

ஐந்து! ராகு காலத்தின் நட்ட நடு. இதைவிட மோசமான நேரத்துக்கு ஒரு மாப்பிள்ளை போய்ச் சேர முடியாது.

நேராக அங்கே வந்து காத்திருந்த என் மனைவி, இரண்டாவது மாடி பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "மேல வந்துடாதீங்கோ. ஆறு மணி வரைக்கும் கீழயே இருங்கோ. வசந்தாவோட அப்பா ரொம்பக் கோவமா இருக்கார்."

மாடிப்படி அடியில் நின்றோம். சுந்தரேசன் முகத்தைப் பார்க்க எனக்கே கஷ்டமாக இருந்தது.

கொஞ்ச நேரத்தில் படியில் காலடிச் சத்தம். ஒரு சொம்புத் தண்ணீரும் துண்டுமாக வசந்தாவே இறங்கி வந்தாள். வீட்டுப் புடவைதான், பட்டெல்லாம் இல்லை. நான் நாலடி தள்ளிப்போய், ஒன்றும் ஆகாத சைக்கிள் செயினை ஆராய ஆரம்பித்தேன்.

"சேறு காயறது, அலம்பிக்கோங்கோ" என்றாள். "என்ன ஆச்சு?"

அவன் என்னைப் பார்த்தான். நான் சொல்லிக் கொடுத்தது அவனுக்கு ஞாபகம் இருந்தது, எனக்குத் தெரியும். ஆனால் நடந்ததை நடந்தபடியே சொன்னான். போலீஸ், தங்கராஜ், பஜன், எல்லாம். அவள் வாயில் துண்டை வைத்துக்கொண்டு சிரித்தாள். பிறகு, இன்றைக்குப் போய் எதற்கு அங்கே போனீர்கள் என்று கேட்டாள்.

"பயமா இருந்தது. உங்களுக்கு என்னைப் பிடிக்காமப் போயிடுத்துன்னா என்ன பண்றதுன்னு."

அவள் படியில் உட்கார்ந்துவிட்டாள். "எனக்கும் கார்த்தாலேர்ந்து ஒரு வாய் சாதம் எறங்கலை" என்றாள்.

அப்புறம் இரண்டு பேரும் பேசினார்கள், பேசினார்கள்... முழுதாக என் காதில் விழவில்லை. தனக்குச் சட்டென்று கோபம் வரும் என்பதை அவனே சொன்னான். கல்யாணத்துக்கு அப்புறமும் வேலையை விடமாட்டேன் என்று அவள் சொன்னாள். சமையல் சுமார்தான் என்றும் சொன்னாள். ஆறு அடிப்பதற்குச் சற்று முன்னால் காலிச் சொம்போடு மேலே ஓடினாள்.

ஆறு மணிக்கு மேல் முறைப்படி பெண் பார்த்தோம். பட்டுப் புடவையில் வசந்தா காப்பி கொண்டுவந்து வைத்து, சுந்தரேசனை முன்பின் பார்த்திராதவள் போலத் தரையைப் பார்த்து நின்றாள். "பொண்ணை ஏதாவது கேக்கணும்னா கேளுங்கோ" என்றார் அப்பா. "ஒண்ணும் கேக்கறதுக்கில்லை" என்றான் அவன். பத்து நிமிஷத்தில் தட்டு மாற்ற நாள் குறித்தாகிவிட்டது.

பெண்ணின் அப்பாவுக்குக் கோபம் போய் ஒரே பெருமை. "பாத்தேளா, ராகு காலம் தாண்டி ஆரம்பிச்சோம். எல்லாம் கூடி வந்துடுத்து" என்றார். யார் மறுத்தார்கள்?

சைக்கிளைச் சுந்தரேசன் பொறுப்பில் விட்டுவிட்டு, மனைவியோடு பஸ் ஏறினேன்.

"வசந்தாவோட அப்பா மாடிப்படிப் பக்கம் வந்துடாம ஒரு மணி நேரமா நான்தான் பேச்சுக் கொடுத்துண்டிருந்தேன்" என்றாள் அவள்.

நல்ல காரியம் செய்தாய் என்றேன்.

"என்னை நீங்க பொண்ணு பாக்க வந்தது நல்ல நேரத்துலதான். நீங்க எங்கிட்ட ஒரு கேள்வி கேட்டேள். பாடத் தெரியுமான்னு. தெரியாதுன்னேன். அதோட சரி. இன்னிக்கு வரைக்கும் எங்கிட்ட வேறொண்ணும் கேக்கலை."

மாட்டுங்கா வரும்வரைக்கும் யோசித்துக்கொண்டே வந்தேன், என்ன கேட்பது என்று.