சொட்டும் குழாயும் சுற்று ஜெபமும்

என் வீட்டுக்காரருக்குக் குழாய் வேலை. சபையில் எல்லோருக்கும் அவர் 'வாஷர் அண்ணன்'. சட்டைப் பையில் எப்போதும் நாலைந்து ரப்பர் வாஷர்கள் கிடக்கும். ஞாயிற்றுக்கிழமைச் சட்டையிலும் கிடக்கும். ஒருமுறை காணிக்கைப் பையில் கையை விட்டபோது ஒரு வாஷரும் சேர்ந்து விழுந்துவிட்டது. சும்மா இருக்கலாம் அல்லவா? அடுத்த வாரம் பாஸ்டரிடமே போய் அதைத் திருப்பிக் கேட்டார். நல்ல ரகமாம், இப்போதெல்லாம் கடையில் கிடைப்பதில்லையாம். எனக்கு வெட்கத்தில் தலை நிமிர முடியவில்லை.

இந்த மனிதருக்கு வாய் திறந்து ஜெபம் பண்ண வராது. வாரத்தில் ஒரு மாலை யாராவது ஒருவர் வீட்டில் நாங்கள் கூடுவோம். பாட்டும் வேத வாசிப்பும் முடிந்ததும் வட்டமாக உட்கார்ந்து ஒவ்வொருவராக ஜெபிக்க வேண்டும். சுற்று ஜெபம் என்போம். தனக்கு முந்தின ஆள் ஆரம்பித்ததுமே இவர் காதைத் தீட்டிக்கொள்வார். "எங்கயோ சொட்டுதே" என்று முணுமுணுத்துவிட்டு எழுந்து சமையலறைக்கோ குளியலறைக்கோ நழுவுவார். கடைசி ஆமென் சொல்லும் நேரத்துக்குச் சரியாகக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நிற்பார்.

இதில் யாருக்கு என்ன நஷ்டம்? எங்கள் சபையார் வீடுகளில் ஒழுகுகிற குழாயே கிடையாது. போகப்போக ஜனங்களும் விவரமாகிவிட்டார்கள். யார் வீட்டு ஃப்ளஷ் டேங்க் மக்கர் பண்ணுகிறதோ, அவர்கள் முந்திக்கொண்டு, "அடுத்த வாரம் எங்க வீட்ல வச்சுக்கலாமே" என்பார்கள். ஜெபக் கூட்டத்தை நடத்துகிற மூப்பர் பெரிய மனசுக்காரர். "தம்பி கையாலயே ஜெபம் பண்றாரு, விடுங்க" என்பார். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும். நான் வாயைத் திறந்தால் மடை திறந்த மாதிரி. எனக்குப் பின்னால் வருகிறவர்கள் மணியைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள். எனக்கு வாய்த்தவர் இப்படி.

அந்த வருஷம் என் கழுத்தில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. முதலில் நெல்லிக்காய் அளவுதான். வலி இல்லை என்று நானும் விட்டுவிட்டேன். பிறகு அது பெரிதாகவே ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டரம்மா தொட்டுப் பார்த்துவிட்டு முகம் மாறாமல் சொன்னார். "எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பினாத்தான் என்னன்னு சொல்ல முடியும்." அவர் முகம் மாறாததுதான் என்னைப் பயமுறுத்தியது. வீட்டுக்கு வந்து கட்டில் ஓரமாக உட்கார்ந்து கண்ணை மூடினேன். ஒரு வார்த்தை வரவில்லை. ஊருக்கெல்லாம் ஜெபம் பண்ணின வாய், எனக்கென்று கேட்க வரும்போது பூட்டிக்கொண்டது. பயந்தே போனேன்.

இவர் என் காலடியில் உட்கார்ந்து பையிலிருந்த ஸ்பேனர்களைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க, எனக்காக நீங்க ஜெபம் பண்ணுங்க. எனக்குக் கேக்கற மாதிரி, வாய்விட்டு."

"மூப்பரைக் கூட்டிட்டு வரட்டுமா?"

"நான் மூப்பரையா கட்டிக்கிட்டேன்?"

அதை அவர் மனசில் போட்டுக்கொண்டார். தொழிலை அவர் கற்றுக்கொண்டதே கை தேர்ந்தவர்கள் செய்வதைப் பார்த்துப் பார்த்து, அப்படியே செய்துதான். ஜெபத்தையும் அப்படியே கற்கலாம் என்று முடிவு கட்டிவிட்டார். கை தேர்ந்தவர் யார்? மூப்பர். அடுத்த கூட்டத்தில் நழுவவும் செய்யாமல், மூப்பர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு நேரமாகிவிட்டதால் சுற்று அவர் வரை வரவில்லை. அப்புறம் ஒரு வாரம் வேலைக்குப் போகிற இடமெல்லாம் ஒத்திகை. ஒரு வீட்டில் சிங்குக்கு அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டு, "சர்வ வல்லமையுள்ள எங்கள் பரம பிதாவே!" என்று முழங்க, பைப்தான் வெடித்துவிட்டதென்று அந்த வீட்டம்மா துடைப்பத்தோடு ஓடி வந்தாராம்.

மறுவாரம் சுற்று அவரிடம் வந்தது. எழுந்திருக்கவில்லை! எல்லோரும் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தார்கள். இவர் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார். செருமல்கூட மூப்பருடையதுதான். அட, என்ன சரளம்! எனக்குப் பெருமை தாங்கவில்லை. இதோ என் பெயர் வரப்போகிறது என்று காத்திருந்தேன்.

"...எனக்குத் தந்த ஏழு பேரப்பிள்ளைகளுக்காகவும், என் நாற்பது வருஷ ஆசிரியர் பணிக்காகவும் உமக்கு ஸ்தோத்திரம்..."

எங்கள் ஒரே மகள் அப்போது கல்லூரியில் இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். இவர் பள்ளிக்கூடத்தை எட்டாம் வகுப்போடு முடித்துக்கொண்டவர். யாரோ ஒருவர் களுக்கென்று சிரிக்க, அது வட்டம் முழுக்கப் பரவியது. மூப்பர் மட்டும் உதட்டைக் கடித்துக்கொண்டார். இவர் அரண்டுபோய் எழுந்து குளியலறைக்குள் புகுந்தார். அங்கே ஒழுகவும் இல்லை. நல்ல குழாயைத் திறந்து திறந்து மூடுகிற சத்தம் எங்களுக்குக் கேட்டது.

வீடு வந்து வாசலில் செருப்பைக் கழற்றும்போது அவரே சொன்னார்.

"எனக்கு வராதும்மா. அந்தக் கட்டி என்ன, அதுக்கு எப்படிக் கேக்கணும், எனக்கு என்ன தெரியும்? நான் எதையாவது தப்பா சொல்லி, அது உனக்கு ஆகாம போச்சுன்னா?"

இத்தனை வருஷமாகக் கூச்சம் என்று நினைத்திருந்தேன். பயம் என்று அப்போதுதான் தெரிந்தது. அதற்குமேல் அவரைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை.

கட்டியை எடுக்கிற நாள் காலையில் பச்சை அங்கியை மாட்டி என்னை ஒரு அறையில் படுக்க வைத்திருந்தார்கள். மகளுக்கு அன்று பரீட்சை. இவர் மட்டும் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து என் செருப்புகளை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். அவற்றைக் கீழே வைக்கலாம் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை. அப்போது போன் அடித்தது. எடுத்தவுடன் ஒரு பெண் அலறியது எனக்கே கேட்டது.

"அண்ணே, எங்கேர்ந்துன்னே தெரியல, வீடெல்லாம் தண்ணி! வந்து பாருங்கண்ணே!"

"பயப்படாதீங்கம்மா. மாடித் தொட்டிக்குக் கீழ வால்வு இருக்கும், அதை மூடுங்க. நான் ஆஸ்பத்திரில இருக்கேன். இப்பவே நம்ம ஆள் ஒருத்தரை அனுப்புறேன்."

கூட வேலை செய்கிறவரைக் கூப்பிட்டு அனுப்பியும் விட்டார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. என் பயத்தை யார் மேலாவது கொட்ட வேண்டியிருந்தது.

"அந்தம்மா என்ன ரிப்பேர்னு சொன்னாங்களா?"

"இல்ல."

"எந்த பைப்புன்னாவது?"

"அவங்களுக்கு எப்படித் தெரியும்? அவங்க கூப்பிட்டாப் போதும். போய்ப் பாக்கறது நம்ம வேல..."

அப்படியே நிறுத்திக்கொண்டார். கையிலிருந்த போனைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு செருப்புகளைக் கீழே வைத்துவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு என் கையைப் பிடித்தார். அவர் கையில் பைப் பசை வாசனை அடித்தது.

"ஆண்டவரே, இவ கழுத்துல ஒண்ணு இருக்கு. என்னன்னு எனக்குத் தெரியல. டாக்டருக்கும் இன்னும் தெரியல. நீங்க வந்து பாருங்க. எனக்குப் பயமா இருக்கு. வந்து பாருங்க. ஆமென்."

அவ்வளவுதான். மூப்பர் செருமி முடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. ஆனால் என் நெஞ்சிலிருந்த பாறாங்கல்லை யாரோ இறக்கி வைத்த மாதிரி இருந்தது. அப்பாடா என்று மூச்சு விட்டேன். எனக்கு வராமல் போனதும் இதே வார்த்தைகள்தான். நர்ஸ் தள்ளு கட்டிலோடு வந்தபோது நான் அழுதுகொண்டிருந்தேன். "வலிக்குதாம்மா?" என்று அவள் பதறினாள். இல்லை என்று தலையாட்டினேன்.

ரிப்போர்ட் வர பத்து நாளைக்கு மேல் ஆயிற்று. அந்த நாட்களில் அவர் தினமும் அதே ஜெபத்தைச் செய்தார். காலையில் பையைத் தோளில் மாட்டிக்கொண்டே ஒருமுறை, சாயங்காலம் கை கழுவிவிட்டு ஒருமுறை. ஒருநாள், "இன்னைக்கு ஒரு கிழவர் வீடு. தனியா இருக்காரு. அங்கயும் கொஞ்சம் எட்டிப் பாருங்க" என்று சேர்த்துக்கொண்டார். நானும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். சில நாள் இரண்டு பேரும் பேசாமலேயே இருந்துவிட்டு எழுந்தோம். மடை திறந்த காலத்தில் அந்த நிம்மதி எனக்குக் கிடைத்ததில்லை. டாக்டரம்மா, "ஒண்ணுமில்ல, சாதாரணக் கொழுப்புக் கட்டிதான்" என்று சொன்ன அன்று இவர் ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதார்.

அந்த வாரக் கூட்டம் எங்கள் சபைத் தையல்காரம்மா வீட்டில். அவள் தெரிந்தேதான் கூட்டத்தை அங்கே வைத்திருக்க வேண்டும். சமையலறைக் குழாய் டொக், டொக் என்று ஊரைக் கூட்டியது. எனக்கு அடுத்து இவர் முறை. நான் சீக்கிரமே முடித்துக்கொண்டேன், ஜனங்களுக்கு அதுவே ஆச்சரியம். குழாய் சொட்டியது. இவர் கை தன்னால் சட்டைப் பைக்குப் போனது. ஒரு வாஷரை எடுத்து உள்ளங்கையில் இறுக்கிக்கொண்டார். எழுந்திருக்கவில்லை.

"ஆண்டவரே, கூப்பிட்டேன், வந்தீங்க. இவ இதோ என் பக்கத்துல உக்காந்திருக்கா. அது போதும் எனக்கு. அந்தக் குழாய ஆமென் சொன்னதும் பாத்துக்கறேன்."

மூப்பரின் ஆமென்தான் எல்லாவற்றையும்விடச் சத்தமாகக் கேட்டது. அதற்கப்புறம்தான் இவர் எழுந்து சமையலறைக்குப் போனார்.