வரிசையில் கடைசியாக வந்த எஸ்தர் அக்கா

எஸ்தர் அக்கா இறந்துபோன சேதி அரை நாள் எங்கள் லாக்கருக்குள்ளேயே கிடந்தது. கம்பெனிக்குள் நுழைந்ததும் போனை லாக்கரில் வைத்துவிட வேண்டும், சாப்பாட்டு நேரத்தில்தான் எடுக்கலாம். அன்று காலை ரப்பர் வளையங்களைத் தரம் பார்த்துப் பெட்டியில் அடுக்கிக்கொண்டே அவரைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தோம். ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் யார் டப்பாவில் முதலில் கை வைப்பார் என்று பேசிச் சிரித்தோம். சாப்பிடப் போய்ப் போனைத் திறந்தால் அவருடைய தம்பியின் குரல் பதிவு இருந்தது. நாங்கள் லைனில் வேலைக்கு நின்ற கொஞ்ச நேரத்திலேயே அனுப்பியிருக்கிறார். யாரும் டப்பாவைத் திறக்கவில்லை.

வருகிற ஞாயிற்றுக்கிழமை, நாற்பதாம் நாளுக்கு, சர்ச்சில் நடக்கும் நினைவுக் கூட்டத்தில் என்னைப் பேசச் சொன்னார்கள். நாலு பேர் முன்னால் நின்றால் எனக்குக் குரல் வராது என்பது உங்கள் எல்லோருக்கும் தெரியும். அதனால் எழுதித் தருகிறேன். யாராவது படித்துவிடுங்கள்.

பதினொன்றாம் வகுப்போடு நான் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டேன். பள்ளிக்கூடம் தந்ததில் கையில் மிஞ்சியது அந்த இலவச சைக்கிள்தான். அதில்தான் வடக்குப்பட்டிலிருந்து வல்லம் வடகாலுக்கு வேலைக்கு வந்தேன். எங்களுடையது சின்ன கம்பெனி, பஸ் கிடையாது. மெயின் ரோட்டில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே மிதிக்க வேண்டும். ஒரு நாள் ஒரு டிரெய்லர் உரசுவதுபோலப் போனது. அது கிளப்பிய காற்றிலேயே நான் சாய்ந்து பள்ளத்தில் விழுந்தேன். அடி அதிகம் இல்லை. ஆனால் மறுநாள் அம்மா கம்பெனி கேட்டுக்கு வந்து, இனிமேல் இவள் வேலைக்கு வரமாட்டாள் என்று செக்யூரிட்டியிடம் சொல்லிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் தலை குனிந்து நின்றேன். படிப்பும் போய் வேலையும் போனால் வீட்டில் நான் என்ன செய்வேன் என்று எனக்குத் தெரியவில்லை.

ஷிப்ட் முடிந்து வெளியே வந்த எஸ்தர் அக்கா நின்று கேட்டார். அதுவரை அவர் என்னோடு பேசியதே இல்லை.

"ரோட்டுல வர வேணாம்மா. காட்டுக்குள்ள பழைய ரயிலு மேடு கீது. அந்தப் பக்கமாதான் நாங்க ஒரு அஞ்சாறு பேரு வந்துகினு போயிகினு இருக்கோம். ஒரு வண்டி வராது."

"வயசுப் பொண்ணை காட்டு வழியா அனுப்பச் சொல்றியா?" என்றார் அம்மா.

"எனக்கும் வயசுதான் கீது. இன்னும் கல்யாணமே ஆவல. என்னை எங்கம்மா அனுப்புதே."

அம்மா சிரித்துவிட்டார். "நீ கூடவே இருக்கறதா இருந்தா அனுப்பறேன்" என்றார். அந்த ஒரு வார்த்தையில்தான் என் வேலை நிலைத்தது.

அந்த மேட்டைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எப்போதோ கல்குவாரியிலிருந்து ஜல்லி ஏற்றிப்போக ரயில் பாதை போட்டிருந்தார்களாம். தண்டவாளத்தையும் கட்டைகளையும் பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். மண்மேடும் அதன்மேல் ஜல்லியும் மட்டும் காப்புக்காட்டுக்கு நடுவே நேராகப் போகிறது. இரண்டு பக்கமும் களாச்செடி, சூரைமுள், இடையிடையே தைலமரம். காலையில் மயில்கள் நமக்காக ஒதுங்குவதில்லை, நாம்தான் மணி அடித்துக் காத்திருக்க வேண்டும்.

முதல் நாள் காலை அந்த மேட்டின் அடியில் நான் போய் நின்றதும், அக்கா குனிந்து என் சைக்கிளின் காற்றைப் பிடுங்கிவிட்டார். எனக்கு அழுகை வந்தது. வண்டி நன்றாக ஓட வேண்டும் என்று முந்தின நாள்தான் பங்க்ச்சர் கடையில் கெட்டியாக அடித்து வைத்திருந்தேன்.

"இன்னா மொறைக்கிற? கல்லு மாதிரி கீது உன் டயரு. இப்படியே ஜல்லி மேல ஏறினா பல்லு பூடும்" என்றார். பிறகு கட்டை விரலால் டயரை அழுத்திக் காட்டினார். கொஞ்சம் அமுங்க வேண்டும், ஆனால் ரிம் தட்டக்கூடாது. அன்று முழுக்க சைக்கிள் ஜல்லிமேல் வழுக்காமல் போனது.

மெதுவாக மிதிப்பவர்தான் முன்னால் போக வேண்டும் என்பது அக்கா வைத்திருந்த வழக்கம். வேகமானவர் யாரும் அவரை முந்தக்கூடாது. எல்லோரையும்விட வேகமான அக்கா கடைசியில் வருவார். நான் சேர்ந்த நாளிலிருந்து முதல் சைக்கிள் என்னுடையதுதான். எனக்கு வெட்கமாக இருந்தது. அப்போது அவர் சொன்னதை நீங்களும் கேட்டிருப்பீர்கள். "லைன்ல கம்பெனி வேகத்துக்கு ஓடறோம். இங்கயாவது நம்ம வேகத்துக்குப் போவலாம்."

அக்காவுக்கு வழி மட்டும் மனதில் நிற்காது. குவாரிக்குப் பக்கத்தில் மேடு இரண்டாகப் பிரியும். ஒரு பனி நாளில் நான் அங்கே தயங்கி நின்றபோது, பின்னாலிருந்து "லெஃப்ட்டு, லெஃப்ட்டு" என்று கத்தினார். லெஃப்ட்டில் போனோம். பாதை முடிந்த இடத்தில் தண்ணீர் நிறைந்த குவாரிப் பள்ளம் கிடந்தது. எல்லோரும் ஷிப்டுக்குத் தாமதம். சூப்பர்வைசர் கேட்டதற்கு, "குளிச்சிட்டு வர்லாம்னு போனோம் சார்" என்று அக்கா முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டு சொன்னார். அவரும் சிரித்துவிட்டு உள்ளே விட்டார். அன்று மாலை அக்கா எங்களிடம், "இனிமே என்னைக் கேக்காதீங்க. தேவி எங்க போறாளோ அங்க போங்க" என்றார். என் பேரை அத்தனை பேர் முன்னால் ஒருவர் சொன்னதே எனக்குப் பெரிதாக இருந்தது.

பின்னால் வருவதால் அவருக்கு எங்கள் முகம் தெரியாது, முதுகுதான் தெரியும். ஒரு நாள் வீட்டில் அப்பாவோடு சண்டை. நான் யாரிடமும் சொல்லவில்லை, வழக்கம்போல முன்னால் மிதித்துக்கொண்டிருந்தேன். வழியில் ஓடைமேல் இருக்கும் மதகு வந்ததும் அக்கா நிற்கச் சொன்னார். "உன் முதுகு இன்னிக்கு சரியில்ல" என்றார். என்ன ஏது என்று கேட்கவில்லை. மதகுச் சுவரில் பக்கத்தில் உட்கார்ந்து, என் டப்பாவைத் திறந்து இரண்டு இட்லியைத் தின்றுவிட்டு, "உங்கம்மா உப்பு போட மறந்துட்டாங்க, அவங்களும் அழுதிருக்காங்க" என்றார். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

அவரிடம் கோபப்படவும் எனக்குக் காரணம் இருக்கிறது. அடக்கத்தன்று அவருடைய தம்பி ஒன்று சொன்னார். அக்காவின் இதயத்தில் வெகு நாளாகவே கோளாறு இருந்திருக்கிறது. கடைசிச் சில மாதங்கள் ஏற்றம் வரும் இடத்தில் அவர் இறங்கித் தள்ளிக்கொண்டு நடந்திருக்கிறார். நின்று மூச்சு வாங்கிவிட்டு, இறக்கத்தில் வேகமாக மிதித்து எங்களைப் பிடித்துவிடுவாராம். வீட்டில் அதைச் சாமர்த்தியம்போலச் சொல்லிச் சிரித்திருக்கிறார். எங்கள் எல்லோருடைய முதுகையும் அவர் பார்த்தார். அவர் நடந்து வந்ததை எங்களில் ஒருவரும் பார்க்கவில்லை. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அக்கா.

அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் அம்மா சொன்னார், "அவ இருந்தாளேன்னு அனுப்பினேன். இனிமே யாரை நம்பி அனுப்பறது?" மற்றவர்களில் சிலர் ரோட்டுக்குத் திரும்பினார்கள், சிலர் ஷேர் ஆட்டோவில் போனார்கள். நான் வீட்டில் உட்கார்ந்தேன். கம்பெனியிலிருந்து கூப்பிட்டார்கள், வருகிறாயா வேறு ஆள் எடுக்கவா என்று. அம்மா போனைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். வேறு ஆள் எடுக்கச் சொல்லப்போகிறார் என்று தெரிந்தது.

"அவங்க எனக்கு வழி காட்டலம்மா," என்றேன். "நான்தான் முன்னாடி போவேன். அவங்க பின்னாடி வந்தாங்க. எனக்கு எல்லா வழியும் தெரியும்."

அம்மாவுக்கு அது புதிது. அக்கா முன்னால் போக நான் ஒட்டிக்கொண்டு போவதாகவே அவர் நினைத்திருக்கிறார். அந்த வார ஞாயிற்றுக்கிழமை என் கேரியரில் ஏறி உட்கார்ந்து, அந்தப் பாதையைத் தானே பார்க்க வந்தார். பாதி தூரத்தில் இறங்கி நடந்தார். களாக்காய் பறித்து வாயில் போட்டுக்கொண்டார். மதகில் நின்று கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்டார். "இவ்ளோ தூரம் வந்தோம், ஒரு ஆரன் சத்தம்கூட இல்லையே" என்றார். திங்கட்கிழமை நான் வேலைக்குப் போனேன்.

ஆட்டோவில் போனவர்களும் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். கூடவே பேச்சியம்மாள் அக்காவும் வந்தார். தென்காசிப் பக்கத்துக்காரர், எஸ்தர் அக்கா ஆஸ்பத்திரியில் இருந்தபோது கம்பெனியில் சேர்ந்தவர். சைக்கிள் இப்போதுதான் பழகியிருக்கிறார், என்னைவிட மெதுவாக மிதிப்பார். வழக்கத்தைச் சொல்லி அவரை முன்னால் விட்டோம். பின்னாலிருந்து வழி சொல்ல ஆள் வேண்டும் என்பதால், வேகம் குறைவானாலும் கடைசியில் நான் வருகிறேன் என்று சொன்னேன்.

அவர் இரண்டடி போய்விட்டு நின்றார். "எல்லாரையும் நீ பாப்ப, சரி. கடைசியா வாரவள யாரு பாக்கது, ஏட்டி?" என்று கேட்டார்.

அக்காவை ஒரு முறைகூடப் பார்க்காதவர் அதைக் கேட்டார். அதன்பிறகு அவரே ஒரு ஏற்பாடு செய்தார். ஏற்றம் முடிந்ததும் முதல் சைக்கிள் நிற்கும். எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள், கடைசி ஆள் வந்து சேரும் வரை.

எஸ்தர் அக்காவிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அந்தக் கடைசி இடத்தை. உங்கள் முதுகுகளை நானும் படிக்கப் பழகிக்கொண்டிருக்கிறேன், இன்னும் சரியாக வரவில்லை. ஆனால் அவர் செய்ததில் ஒன்றை மட்டும் செய்யமாட்டேன். தினமும் காலை ஏற்றத்தின் உச்சியிலிருந்து பேச்சியம்மாள் அக்காவின் குரல் கேட்கிறது, "ஏட்டி தேவீ, வாரியா?" என்று. மூச்சு வாங்கினாலும் காடு முழுக்கக் கேட்கும்படி நான் கத்துகிறேன்: "தள்ளிகினு வரேன்க்கா, நில்லுங்க."