மூன்று ஒட்சிசனும் ஒரு பஸ் பயணமும்

டெங்கு வைரஸ் பெருகத் தேவையான நொதியம் ஒன்றைத் தடுக்கும் மூலக்கூறுகளைக் கணினியில் தேடுவதுதான் அப்போது என் வேலை. இதற்கான கணினி மொடல் புதுப்புது மூலக்கூறுகளை வரைந்து, நொதியத்தை எவ்வளவு தடுக்கும் என்று ஒவ்வொன்றுக்கும் புள்ளி போடும். அன்று பத்து மணிக்குப் பேராசிரியரிடம், கூடிய புள்ளி எடுத்தவற்றின் பட்டியலைக் கொடுக்க வேண்டும். திட்டத்தைத் தொடர்வதா நிறுத்துவதா என்று அதைப் பார்த்தே முடிவெடுப்பார்.

சரவணையில் பஸ் ஏறினேன். எங்கள் ஆய்வுகூடத்தில் மூலக்கூறுகளைக் கையால் செய்து தருகிற மெற்றில்டா அக்கா உள்ளே இருந்தா. அனலைதீவிலிருந்து படகில் வந்து, ஊர்காவற்றுறையில் பஸ் பிடிக்கிறவ. பெருமையோடு பட்டியலை நீட்டினேன். முதலாவதைப் பார்த்ததும் சிரித்த சிரிப்பில் கொண்டக்டரே திரும்பிப் பார்த்தார்.

"சுகந்தி, இதை ஆர் செய்யிறது?"

"நீங்கள்தான் அக்கா."

"உம்மட கொம்பியூட்டர் ஒருநாளும் குசினிப் பக்கம் போகேல்லைப் போல. மூண்டு ஒட்சிசன் வரிசையா நிக்குது. இதைச் செய்தா குடுவையும் மிஞ்சாது, நானும் மிஞ்சமாட்டன்."

எனக்கு முகம் சுட்டது. இப்படி வெடிக்கக்கூடியவற்றைக் கழிக்கும் வடிகட்டி எங்கள் மென்பொருளில் இருந்தது. அதைப் போட்டால் உயர்ந்த புள்ளிகள் போய்விடுகின்றன என்று நான்தான் நிறுத்தி வைத்திருந்தேன்.

வேலணை தாண்டும்வரை பட்டியலைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். வடிகட்டியை நிறுத்தியதைப் பேராசிரியரிடம் மறைத்துவிடலாமா என்றும் யோசித்தேன். மறைத்தால் அந்த மூலக்கூறைச் செய்யப் போகிறவ பக்கத்துச் சீற்றில் இருக்கிறா. பத்து மணிக்குப் பேராசிரியரிடம் உள்ளதைச் சொன்னேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "அப்ப மருந்து கேட்ட எனக்கு வெடிமருந்து கொண்டு வந்திருக்கிறீர்?" பிறகு, "திருத்திக்கொண்டு வாரும். இரண்டு கிழமை தாறன். அதுக்கு மேல ஏலாது" என்றார்.

அந்த இரண்டு கிழமையும் அக்காவின் மேசையோடு கதிரையைப் போட்டுக்கொண்டேன். அலுமாரியில் இருந்த இரசாயனங்கள், அவவால் செய்யக்கூடிய இரசாயனத் தாக்கங்கள் எல்லாவற்றையும் விதிகளாக எழுதி, அவற்றுக்குள் மட்டும் தேடும்படி மொடலை மாற்றினேன். புள்ளிகள் சரிந்தன. ஆனால் புதுப் பட்டியலைப் பார்த்து அக்கா சிரிக்கவில்லை. பேராசிரியரும் திட்டத்தைத் தொடர விட்டார்.

அந்தப் பட்டியலில் மூன்றை அக்கா செய்தா. இரண்டு ஒன்றுக்கும் உதவவில்லை. பிறகொரு நாள் போனில், "ஒண்டு வேலை செய்யுது, கெதியா வாரும்!" என்றா. நொதியம் மந்தமாகியிருந்தது. அது மருந்தாக இன்னும் எவ்வளவோ தூரம். இருந்தாலும் அன்று நாங்கள் இருவரும் சாப்பிட மறந்துபோனோம்.

இப்போது என்னிடம் வேலைக்கு வருகிறவர்களை முதல் மாதம் கணினிக்கு முன்னால் விடுவதில்லை. குடுவை கழுவ அனுப்புகிறேன். பட்டதாரிகள் முகம் சுளிக்கிறார்கள்தான். தாங்கள் வரைவதை இன்னொருவர் கையால் செய்ய வேண்டும் என்பது கழுவும்போதுதான் விளங்குகிறது.